கம்பி முனையில் வைத்த பொட்டு

நான் எட்டாவது வரை படித்தவள். ஆனாலும் இன்ஜினியரிங் காலேஜில் பதினோரு வருஷம் இருந்தேன். லேப் அட்டெண்டர்.

லேப் கதவுக்கு மேல் நீளமாக ஒரு போர்டு. தகவல் தொடர்புத் தொழில்நுட்பம், தகவல் அமைப்புப் பொறியியல் என்று இரண்டு வரி. முதல் வாரம் தினமும் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிள்ளைகள் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. கம்யூனிகேஷன் லேப் என்பார்கள். நானும் அப்படியே பழகிக்கொண்டேன்.

அதற்கு முன்னால் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் சேலை மடித்தேன். கல்யாணத்துக்கு வருபவர்கள் நாற்பது சேலையைப் பிரித்துப் போடுவார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்கள். மிச்சம் முப்பத்தொன்பதும் எனக்கு. காலேஜில் ஆள் எடுக்கிறார்கள் என்று பஸ்ஸில் ஒருத்தி சொன்னாள். போனேன். என்ன தெரியும் என்று கேட்டார்கள். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியும் என்றேன். அது போதும் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊர் மாகறலில் காலை முதல் பஸ். காஞ்சிபுரத்தில் இறங்கினால் காலேஜ் பஸ். எட்டரைக்கு லேப்பைத் திறப்பேன். ஜன்னலைத் திறப்பேன். இரவு முழுக்க மூடிக் கிடந்த அறையில் ஈயம் உருக்கிய வாசனை நிற்கும். முதலில் தலை வலித்தது. பிறகு அது இல்லாத நாள் ஏதோ குறைந்தது போல் இருந்தது.

மேசை மேல் வரிசையாகப் பெட்டிகள். கிட் என்பார்கள். ஒவ்வொரு கிட்டிலும் பத்துப் பதினைந்து ஓட்டை. ஓட்டைக்கு ஓட்டை வயர் செருக வேண்டும். சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு எல்லா வயரும் ஒரே சிக்காகக் கிடக்கும். சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை. உட்கார்ந்து பிரிப்பேன். நிறத்துக்கு ஒரு ஆணி. மாட்டிவிட்டுக் கிளம்புவேன். யாரும் சொல்லிக் கொடுத்த வேலை இல்லை. சிக்கைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

படிப்பு எனக்குப் புரியவில்லை. எது வேலை செய்யும், எது செய்யாது என்பது மட்டும் புரிந்தது. மூன்றாம் நம்பர் கிட்டைத் தட்டினால்தான் எரியும். ஆறாம் நம்பருக்கு மழைக்காலம் ஆகாது. உள்ளே ஏதாவது கருகினால் வாசனையிலேயே எந்தப் பெட்டி என்று சொல்லிவிடுவேன். எனக்கு இது தெரியும் என்பது வாத்தியார்களுக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரியும். பரீட்சைக்கு முதல் நாள் வந்து நிற்பார்கள்.

"அக்கா, எந்த கிட்டு ஒர்க் ஆவும்? சொல்லுக்கா. உன் பேர் சொல்லி ஒரு தேங்காய் ஒடைக்கிறேன்."

சொல்ல மாட்டேன். சொன்னால் எல்லோரும் அதன் மேல் விழுவார்கள். அதுவும் கெட்டுவிடும்.

அவர்கள் படித்த படிப்பில் ஒரு வழக்கம் இருந்தது. மாடல் ரீடிங் என்று பெயர். எந்தக் காலத்திலோ ஒரு நல்ல பிள்ளை செய்து பார்த்து எழுதிய எண்கள். அதை ஜெராக்ஸ் எடுத்து அடுத்த செட்டுக்குக் கொடுப்பார்கள். அவர்கள் அதற்கு ஜெராக்ஸ் எடுத்து அடுத்தவர்களுக்கு. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து மூன்றும் எட்டும் ஒன்றாகிவிட்டன. ஒரு வருஷம் எல்லோர் நோட்டிலும் மூன்று. அடுத்த வருஷம் எல்லோர் நோட்டிலும் எட்டு. இரண்டுக்கும் வாத்தியார் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார். கிட் என்ன காட்டினாலும் நோட்டில் ஏறுவது அந்தக் காகிதத்தில் இருப்பதுதான். நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். எனக்கென்ன.

ஒரு செட் பிள்ளைகள் ஒருநாள் மைக் ஒன்றைக் கொண்டுவந்து கோடு ஓடும் திரைப் பெட்டியில் மாட்டினார்கள். என் பேரைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். பச்சைக் கோடு துள்ளியது. உடனே அடங்கியது.

"அவ்ளோதான்கா நீ" என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் அந்தக் கோடு கண்ணுக்குள்ளேயே இருந்தது.

இப்போது அங்கே கிட் இல்லை என்கிறார்கள். எல்லாம் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டதாம். வயரும் கிடையாது. பிரிக்க ஒன்றும் இருக்காது.

நான் அந்த லேப்பை விட்டது ஒரு பெண்ணின் பரீட்சையில்.

அவள் வீடு பிள்ளையார்பாளையம். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். பேச்சு குறைவு. மற்ற பிள்ளைகள் ஜெராக்ஸைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் வயரைச் செருகி, முள் அசைவதைப் பார்த்து எழுதுவாள். கடைசியாகக் கிளம்புவாள். நான் சாவியோடு நிற்பேன்.

மூன்றாம் வருஷக் கடைசியில் அவளுக்கு அம்மை போட்டது. லேப் பரீட்சை அன்று அவள் வேப்பிலைப் படுக்கையில் இருந்தாள். தண்ணீர் ஊற்றும் வரை வாசல் தாண்டக் கூடாது. அந்த ஒரு பாடம் அரியர் ஆகிவிட்டது. மற்றதெல்லாம் நல்ல மார்க்.

நான்காம் வருஷம் ஒரு கம்பெனி வந்து ஆள் எடுத்தது. அவளையும் எடுத்தார்கள். அரியர் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்து வரும் ரிசல்ட்டைப் பார்த்துத்தான் ஆர்டர். காட்டினால் வேலை. இல்லையென்றால் இல்லை. அவளே என்னிடம் சொன்னாள். சிக்குப் பிரிக்க ஒரு கை போட்டுக்கொண்டே சொன்னாள்.

அந்த வருஷம் லேப்புக்குப் புது கிட் இரண்டு வந்திருந்தன. வெளிச்சத்தில் பேச்சை அனுப்பும் கிட். ஒரு பக்கம் சிவப்பாக ஒரு விளக்கு எரியும். அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி. ஃபைபர் என்பார்கள். பிளாஸ்டிக்தான், நான் கம்பி என்பேன். வெளிச்சம் அதற்குள்ளேயே ஓடி அடுத்த பக்கம் வந்து விழும். எவ்வளவு வந்தது என்று மீட்டர் காட்டும். ஒரு மீட்டர் கம்பி ஒன்று, ஐந்து மீட்டர் கம்பி ஒன்று. நீளம் கூடினால் வெளிச்சம் குறையும். எவ்வளவு குறைந்தது என்று கணக்குப் போட வேண்டும். அதுதான் பாடம்.

அவள் அம்மையில் படுத்தபோது இந்த கிட் இல்லை. அதனால் பரீட்சைக்கு முன்னால் பத்து நாள் மதிய இடைவேளையில் வந்து பழகினாள். சோற்று டப்பாவை ஸ்டூலில் வைத்துக்கொண்டு ஒரு கையால் சாப்பிட்டு, ஒரு கையால் எழுதினாள். சின்னக் கம்பிக்கு அதிகம், நீளக் கம்பிக்குக் குறைவு. தினமும் சரியாக வந்தது. நானே பார்த்தேன்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

காலேஜ் விடுமுறைக்கு முந்தின நாள் லேப்பில் பூஜை போடுவோம். பிள்ளைகள் கலர்க் காகிதம் ஒட்டுவார்கள். பொரி, கடலை, சர்க்கரை. வாசலில் பூசணிக்காய். பொரி கிட் ஓட்டைக்குள் விழுந்து அடுத்த ஒரு மாசம் எறும்பு வரும். அந்த ஒரு நாள் வாத்தியாரும் பிள்ளையும் ஒரே தட்டில் பொரி எடுப்பார்கள். எனக்கு வருஷத்தில் பிடித்த நாள் அதுதான்.

துறைத் தலைவர் ஒரு அம்மா. மேடம் என்போம். அந்த வருஷம் முன்னாடியே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். கதவுக்கும் மேசைக்கும் பொட்டு வைத்தால் போதும், மெஷின் மேல் வேண்டாம். தலையாட்டினேன்.

ஆனால் வைத்தேன். எங்கள் வீட்டில் அரிவாள்மனைக்கு வைத்தால் அம்மிக்கும் வைப்போம். அம்மிக்கு வைத்தால் குழவிக்கும். ஒன்றுக்கு வைத்து ஒன்றை விடக் கூடாது. வருஷம் முழுக்க நம்மோடு உழைத்தது. நெற்றி வெறுமையாக நின்றால் மனசு கேட்காது. வீட்டிலேயே கல்லில் அரைத்த சந்தனம். எல்லாப் பெட்டிக்கும் பக்கவாட்டில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்தேன். புது கிட்டுக்கு முதலில் வைத்தேன். புதுசுக்குத்தானே முதல் மரியாதை. பெரிய கம்பி அட்டைப் பெட்டியில் சுருட்டி இருந்தது. பெட்டிக்கு வைத்தேன். சின்னக் கம்பி ஆணியில் தொங்கியது. அதற்கு நெற்றி எது என்று பார்த்தேன். முனைதான் என் பக்கம் இருந்தது. முனையில் வைத்தேன். நடுவில் ஒரு குங்குமம்.

பூஜை முடிந்ததும் ஈரத் துணியால் எல்லாவற்றையும் துடைத்தேன். மேடம் கண்ணில் படக் கூடாதே.

விடுமுறை முடிந்து முதல் நாள் அரியர் பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஏழு பேர். வெளிக் காலேஜிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். எக்ஸ்டர்னல் என்பார்கள். ஒல்லியாக, நரைத்த மீசையோடு இருந்தார். டீ வேண்டாம் என்றார். கிண்ணத்தில் சீட்டு மடித்துப் போட்டார்கள். அவள் எடுத்ததில் அந்தக் கம்பிப் பாடம் வந்தது. என்னைப் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள். பத்து நாள் பழகின பாடம்.

சாமான் சீட்டைக் கொடுத்தாள். கிட், மீட்டர், இரண்டு கம்பி. எடுத்துக் கொடுத்தேன்.

அரை மணியில் முடித்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆகியும் அவள் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பியைக் கழற்றி மாட்டினாள். கம்பியைப் பிடிக்கும் திருகை இறுக்கினாள். கிட்டை அணைத்து மறுபடி போட்டாள். என்னிடம் வந்து வேறு ஒரு மீட்டர் கம்பி இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டாள். இரண்டாவது கிட்டோடு வந்ததை மேடம் வேறொரு வகுப்புக்கு எடுத்துப் போயிருந்தார். இல்லை என்றேன். திரும்பிப் போனாள்.

பக்கத்து மேசைப் பெண் இவள் தாளை எட்டிப் பார்த்தாள்.

"ஏய், சின்னதுக்குக் கம்மியா வருது, பெரிசுக்கு ஜாஸ்தியா வருது. இன்னாடி இது? மாடல் ரீடிங்கப் போட்டுட்டு எழுந்து வா."

"வரலையே."

"வராட்டி இன்னா? நீ பெரிய சயின்டிஸ்ட்டு. உன் நோட்லயே கரெக்டா இருக்குதுல்ல, அதப் போடேன்."

அதுவும் உண்மைதான். பத்து நாள் எழுதின எண் அவளுக்கு மனப்பாடமாகவே இருந்திருக்கும். இவள் தலையைத் தூக்கவில்லை. வந்ததை எழுதினாள். கணக்குப் போட்டாள். நீளக் கம்பியில் போகப் போக வெளிச்சம் கூடுகிறது என்று விடை வந்தது. அதையும் எழுதினாள்.

எக்ஸ்டர்னல் வந்தார். தாளைப் பார்த்தார்.

"நீளமா இருந்தா வெளிச்சம் ஜாஸ்தி வருமாம்மா?"

"வராது சார்."

"அப்ப இது என்ன?"

"வந்தத எழுதியிருக்கேன் சார். மூணு வாட்டி எடுத்துட்டேன்."

"எங்க தப்புன்னு தெரியுதா?"

"தெரியல சார்."

தெரியாததற்கு மார்க் போட முடியாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. படம் வரைந்ததற்கு முகப்புப் பக்கத்தில் ஏதோ மார்க் போட்டார். பாஸுக்குக் காணாது என்று அவள் முகத்தில் தெரிந்தது. அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அவள் அழவில்லை. கம்பியைக் கழற்றி, வட்டமாகச் சுற்றி, என்னிடம் கொடுத்தாள். மற்ற பிள்ளைகள் போட்டுவிட்டுப் போவார்கள். இவள் எப்போதும் சுற்றித்தான் கொடுப்பாள்.

வாங்கினேன். கட்டை விரல் முனையில் பட்டது. சொரசொரவென்று இருந்தது. முனையைச் சுற்றி ஒரு சின்னப் பள்ளம். அதற்குள் என்னவோ காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்துப் பார்த்தேன்.

சந்தனம்.

கடையில் வாங்கின சந்தனமாக இருந்தால் வேறு யாரோ என்று நினைத்திருப்பேன். இது கல்லில் அரைத்தது. என் வீட்டு வாசனை.

அலமாரிப் பக்கம் திரும்பி நின்றேன். பரீட்சை நடக்கும்போது அட்டெண்டர் பேசக் கூடாது. மேடம் அந்த மூலையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று எனக்குச் சொன்னவர். என் வேலை வருஷா வருஷம் நீட்டிக்கிற வேலை. கம்பியை ஆணியில் மாட்டிவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆணி வரை கை போனது.

மாட்டவில்லை. எக்ஸ்டர்னலிடம் போனேன்.

"சார். இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல சார்."

"நீங்க யாரும்மா?"

"அட்டெண்டர் சார். பூஜையில கம்பி முனையில பொட்டு வச்சிட்டேன். தொடைச்சது பத்தல. உள்ள ஒட்டிக்கினு இருக்குது."

மேடம் எழுதுவதை நிறுத்தினார். யாரோ ஒருத்தன் சிரிப்பை அடக்கினான். எக்ஸ்டர்னல் சிரிக்கவில்லை. கம்பியை வாங்கி ஒரு முனையை டியூப் லைட் பக்கம் காட்டினார். இன்னொரு முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். மங்கலாக இருந்திருக்க வேண்டும். அவளைக் கூப்பிட்டார். கையில் கொடுத்தார். இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது என்றார்.

முதலுதவிப் பெட்டியில் ஸ்பிரிட்டும் பஞ்சும் இருந்தன. ஓடிப் போய் எடுத்து வந்தேன். அவள் முனையைத் துடைத்தாள். பஞ்சு மஞ்சளாக வந்தது. மறுபடி துடைத்தாள். லேசாகச் சிவப்பு. குங்குமம். பூஜைத் தட்டிலிருந்த தீப்பெட்டியில் ஒரு குச்சி எடுத்து, பஞ்சு சுற்றி, கிட்டின் ஓட்டைக்குள்ளும் விட்டுத் துடைத்தாள். பிறகு கம்பியை மாட்டி, மறு முனையை உள்ளங்கைக்கு நேரே பிடித்தாள். கை நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது.

மீட்டர் ஏறியது.

பழைய எண்களை அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அதற்குக் கீழே புதிதாகக் கட்டம் போட்டு எழுதினாள். எக்ஸ்டர்னல் பக்கத்திலேயே நின்றார்.

"மேல இருக்கிறத ஏன் அடிக்கல?"

"அதுவும் வந்த ரீடிங்தான் சார்."

"ரெண்டையும் வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறே?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். ஒரு தரம் என்னைப் பார்த்தாள்.

"சந்தனம் எவ்ளோ வெளிச்சம் தின்னுச்சின்னு கண்டுபிடிக்கலாம் சார்."

"கண்டுபிடி."

கண்டுபிடித்தாள். நின்றுகொண்டே போட்டாள். அவர் மேலே மேலே கேட்டார். இவள் சொன்னாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கேள்வி வர வர அவள் குரல் பெரிசானது. அவர் கேட்பது கடுமையாகத்தான் இருந்தது. கடைசியில் தாளை வாங்கி முகப்புப் பக்கத்தில் போட்டிருந்ததை அடித்து வேறு போட்டார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். என்ன போட்டார் என்று அவளுக்கும் காட்டவில்லை.

சாயங்காலம் மேடம் கூப்பிட்டார்.

"நான் சொன்னேன் இல்ல?"

"சொன்னீங்க மேடம்."

"பின்ன ஏன்மா வச்சீங்க?"

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. அடுத்த திங்கள் முதல் சிவில் லேப்புக்குப் போகச் சொன்னார். அங்கே சிமெண்டு, ஜல்லி, கம்பி. இது நிஜக் கம்பி. எதற்குப் பொட்டு வைத்தாலும் கெடாது என்று அவர் நினைத்திருக்கலாம். பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வெளியே வந்தபோது அவள் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றிருந்தாள். நன்றி சொல்வாள் என்று பயந்தேன். சொல்லவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள்.

"முனையப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்லக்கா. முதல்ல அதத்தான பாத்திருக்கணும். திருகையே திருகிக்கினு இருந்தேன்."

"நான்தான வச்சேன்."

"நீ வச்சது சரிக்கா. நான் பாக்கலையே."

சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தாள். அவளுக்கு என் மேல் கோபம் இல்லை. தன் மேல்தான் இருந்தது. அது போகக் கொஞ்ச நாள் ஆகியிருக்கும்.

சிவில் லேப்பில் எல்லாம் கனம். முதல் வாரம் தோள் வலித்தது. சிமெண்டுக் கட்டி வார்த்து, தண்ணீரில் போட்டு, எடுத்து, மெஷினில் வைத்து நசுக்குவார்கள். எவ்வளவு பாரம் தாங்கி உடைகிறது என்று எழுதிக்கொள்வார்கள். சாயங்காலம் பிரிக்கச் சிக்கு இல்லை. தூசி பெருக்கிவிட்டு சீக்கிரம் கிளம்பிவிடலாம். முதல் மாசம் வழக்கத்துக்கு முந்தின பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மாகறலில் இறங்கும்போது வெளிச்சம் இருக்கும். அது பழக இன்னும் நாளானது.

தை பிறந்த பிறகு ரிசல்ட் வந்தது. அன்றைக்கு மெஷினில் ஒரு கட்டி ஏறியிருந்தது. மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அவள் மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்து வாசலில் நின்றாள். என்னவோ சொன்னாள். காதில் விழவில்லை. உள்ளே வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கட்டம் கட்டமாக இங்கிலீஷ். எனக்குப் பொடி எழுத்து தெரியாது. அவள் ஒரு கட்டத்தில் விரலை வைத்தாள். பாஸ் என்ற அந்த நாலெழுத்து எனக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் நோட்டீஸ் போர்டு முன்னால் பிள்ளைகள் அதைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சிமெண்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். அவள் தோளைத் தொட்டேன். தொட்ட இடத்தில் வெள்ளையாகப் பதிந்தது. அவள் தட்டிவிடவில்லை.

"எப்ப போணும்?" என்றேன் கத்தி.

"சனிக்கிழம ஆர்டர் வருதுக்கா. பரீட்ச முடிஞ்சதும் வரச் சொல்லிக்கிறாங்க."

மெஷினைக் காட்டி இது எப்போது உடையும் என்று சைகையில் கேட்டாள். இப்போது என்றேன். இருவரும் நின்று பார்த்தோம். முதலில் ஓரத்தில் ஒரு கீறல் ஓடியது. அப்புறம் பட்டென்று போனது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள். எத்தனை காட்டுகிறது என்று முள்ளைக் குனிந்து பார்த்துச் சொன்னாள். நான் மெஷின் பக்கத்தில் தொங்கிய சிலேட்டில் எழுதிக்கொண்டேன்.